வெந்நீர்க் கணினி

நத்தைக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவனுடைய மடிக்கணினி. ஒரு வீடியோவைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவான். குளித்து, துவைத்து, துணி உலர்த்தி, பக்கத்து அறையில் ஒரு சண்டையையும் விலக்கிவிட்டுத் திரும்பினால் திரையில் முதல் காட்சி வந்து நின்றிருக்கும். இரண்டாவது காட்சிக்கு இன்னொரு குளியல். விடுதியிலேயே சுத்தமான மாணவன் என்று அவன் பெயரெடுத்தது அப்படித்தான். கடைசி வருடத்தின் தொடக்கத்தில் அந்த மடிக்கணினி பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் விட்டு அடங்கியது. பிறகு எழவில்லை.

அது எழுந்தே ஆகவேண்டிய நேரம். நத்தையின் அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் இரவல் கேமராவோடு அங்கே போய், அவளும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் மூட்டை அவிழ்ப்பதையும், யானை வயிறு மாதிரியான இயந்திரங்களுக்குள் துணி திணிப்பதையும், ஆவிக்கு நடுவில் ஒருத்தியை ஒருத்தி கலாய்ப்பதையும் எடுத்து வைத்திருந்தான். எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. நகரத்தில் பெயர் சொல்லும் எடிட்டர் மேடம் ஒருவர் அதில் ஒரு துண்டைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷப் படமா வெட்டி எடுத்துட்டு வா. பருவம் முடியறதுக்குள்ள வரணும். வெட்டு பிடிச்சிருந்தா என்கிட்டயே உதவியாளரா இருந்துக்க" என்று சொல்லியிருந்தார்.

படம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாமாவின் பிளாஸ்டிக் குழாய்க் கடை. மாமா அங்கே நத்தைக்காக ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார். "உயரம் சரியா இருக்கான்னு ஒரு தடவை வந்து உக்காந்து பாத்துட்டுப் போடா மாப்ள" என்று வாரம் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்.

நத்தையின் அறைத்தோழன் மின்னல். கணினி விளையாட்டுகளில் அவன் விரல் போகும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர். வெளிநாட்டில் இருக்கும் அவன் அக்கா ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி அனுப்பியிருந்தாள். அதைச் செருகக் கணினி இல்லாததால் மின்னல் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தான். நத்தை பகுதிநேரமாகக் கல்யாண வீடியோவுக்கு விளக்குப் பிடித்துச் சேர்த்ததில் ஒரு ப்ராசசரும் மெமரியும் வாங்கலாம். ஆளுக்குப் பாதியாக ஒரு கணினி கட்டுவது என்று முடிவாயிற்று.

"பகல்ல நீ வெட்டு. சாயந்தரம் நான் கேம்ல சுடறேன்" என்றான் மின்னல்.

"மெமரி நிறைய வேணும்டா. இல்லன்னா வெட்டறப்ப டைம்லைன் நகராது."

"மெமரி போட்டு என்ன பண்ண? கார்டு சூடானா கேம் நிக்கும். லிக்விட் கூலர் போடு. ஆறு ஃபேன் போடு. பக்கவாட்டுல கண்ணாடி போடு."

"கண்ணாடி எதுக்கு?"

"உள்ள இருக்கறது தெரியணும்ல? பின்ன எதுக்குக் கட்டறோம்?"

வீட்டில் வைத்துக் கட்ட வழியில்லை. நத்தையின் வீடு ஒரே அறை. அதிலும் பாதி மாமாவின் குழாய்கள். பக்கத்து வீட்டில் மிக்சி போட்டால் இங்கே விளக்கு கண்ணைச் சிமிட்டும். ஆகவே விடுதி அறைதான். விடுதியில் எதைச் செருகுவதாக இருந்தாலும் மின்பொருள் நல்லொழுக்கக் குழுவின் அனுமதி வேண்டும். இந்தக் குழுவைப் பற்றி மாணவர்கள் மத்தியில் ஒரு நல்ல பெயர் உண்டு. அது தொடங்கிய நாளிலிருந்து ஒருவர் கேட்டதையும் மறுத்ததில்லை.

குழுவின் தலைவர் வார்டன். இருவரும் திட்டத்தை எடுத்துப் போனபோது அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"எழுநூத்தி அம்பது வாட். என்னப்பா இது, கம்ப்யூட்டரா, கல்யாண மண்டபமா?"

"அது அதிகபட்சம் சார்" என்றான் நத்தை. "எப்பவும் அவ்வளவு இழுக்காது."

"அதிகபட்சம்னு ஒன்னைக் காட்டிட்டா அதைத் தொடாம விடுற வயசா உங்களுக்கு? சரி. இது என்ன, லிக்விட் கூலர்?"

"ப்ராசசர் சூடாகும் சார். ஒரு குழாய்ல திரவம் ஓடி அந்தச் சூட்டை எடுத்துட்டுப் போகும்."

"திரவம்னா?"

"பெரும்பாலும் தண்ணிதான் சார்."

வார்டன் பேனாவை மூடினார். "ஓடறப்ப அந்தத் தண்ணி எப்படி இருக்கும்?"

"கொஞ்சம் சூடா இருக்கும் சார்."

வார்டன் பக்கத்தில் இருந்த குழுவின் எழுத்தரைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கங்க. தண்ணீர் சூடாகிறது என்று மாணவர் தாமாகவே ஒப்புக்கொண்டார்."

இங்கே ஒரு விளக்கம் தேவை. எப்போதோ ஒரு மாணவன் பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். வாளி வளைந்தது. ஒரு கட்டடமே இருண்டது. அன்றிலிருந்து விடுதியின் மொத்தச் சட்டமும் வெந்நீரைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்தினால் எந்த விதியின் கீழ் விசாரிப்பது என்று வார்டனுக்கு உறுதியாகத் தெரியாது. வெந்நீர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

"சார், பேரே கூலர் சார்" என்றான் மின்னல்.

"பேரை வெச்சு முடிவெடுக்கலாம்னா உன் பேரு மின்னல். போன பருவத்துல எத்தனை பேப்பர் நிக்குது?"

மின்னல் அணைந்தான்.

"அதுல ஒரு டம்ளர் தண்ணி கூட இருக்காது சார். குளிக்கவெல்லாம் முடியாது" என்றான் நத்தை.

"டம்ளர்ல ஆரம்பிச்சவனெல்லாம் பக்கெட்டுக்குப் போனவன்தான். நான் பாத்திருக்கேன்." வார்டன் எழுந்து, தன் மேசைமேல் இருந்த அலுவலகக் கணினியின் தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். எழுத்தர் தேநீர் குடித்து முடித்தார். வார்டன் தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்தார். "தொட்டுப் பாருங்க. ஜில்லுனு இருக்கா? இதுவும் கம்ப்யூட்டர்தான். எவ்வளவு வருஷமா என்கிட்ட இருக்கு. ஒரு நாள் சூடானதில்ல."

"அது ஆன்லயே இல்லியே சார்."

"தம்பி, ஒரு கம்ப்யூட்டர் ஆன்ல இல்லாம இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்திருக்குன்னா அதுக்குப் பேருதான் நிர்வாகம்."

குழு மறுக்கவில்லை. லிக்விட் கூலர் நீங்கலாக அனுமதி அளித்தது.

அப்படியானால் விசிறிகள். ஓர் அறைக்கு ஒரு விசிறி என்பது விதி. திட்டத்தில் ஆறு இருந்தன.

"ஒவ்வொன்னும் உள்ளங்கை அளவுதான் சார்" என்றான் மின்னல், கையை விரித்துக் காட்டி.

"விதியில அளவு இல்லப்பா. எண்ணிக்கைதான் இருக்கு. உங்க அறையில ஏற்கெனவே கூரையில ஒன்னு ஓடுது. அதைக் கழட்டினா கம்ப்யூட்டருக்கு ஒன்னு வெச்சுக்கலாம். தாராளமா."

நத்தை சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை எழுத்தர் சம்மதம் என்று எழுதிவிட்டார். அன்று மாலையே மின்பணியாளர் ஏணியோடு வந்து கூரை விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்தார். விடுதி அறையில் விசிறி என்பது கூரைக் கொக்கியில்தான் தொங்க வேண்டுமாம். உள்ளங்கை விசிறியை வாங்கி, நீள ஒயரில் கட்டி, கொக்கியில் மாட்டினார். அது சுற்றியது. காற்று கீழே வரவில்லை. விதிக்குக் குறைவும் வரவில்லை.

"பல்லி மாதிரி தொங்குதுடா" என்றான் மின்னல் படுத்தபடி.

"பேசாதே. அதையும் கழட்டிடுவாங்க."

அடுத்த அமர்வில் வார்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கணினி எதற்கு? மின்னல் உண்மையைச் சொன்னான்: கேமிங். நத்தையும் உண்மையைச் சொன்னான்: வீடியோ எடிட்டிங். உண்மை சொல்லிக் கெட்ட கதைகள் நிறைய உண்டு; இது அவற்றில் சேரும். கேமிங் என்றால் விளையாட்டு. அது உடற்கல்வி இயக்குநரின் அதிகாரம். எடிட்டிங் என்றால் ஊடகத் துறை. அது துறைத் தலைவரின் அதிகாரம். அந்த அதிகாரிகள் இருவரும் பாகங்களைப் பார்த்துத் திருப்தி தெரிவிக்க வேண்டும்.

உடற்கல்வி இயக்குநர் கழுத்தில் விசிலோடு மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் யாரும் இல்லை.

"எத்தனை பேர் ஆடற ஆட்டம்?"

"அணிக்கு அஞ்சு பேர் சார்" என்றான் மின்னல்.

"மத்த நாலு பேரு எங்க?"

"வேற வேற ஊர்ல இருக்காங்க சார்."

"எதிரணி?"

"யாருன்னு தெரியாது சார்."

"யாருன்னே தெரியாதவனையா சுடறீங்க?"

இந்தக் கோணத்தில் மின்னல் அதுவரை யோசித்ததில்லை. இயக்குநர் விசிலைச் சுழற்றிக்கொண்டே பேசினார். "தம்பி, இந்தக் காலேஜ் கிரவுண்டைப் பாரு. ஒரு புல்லு நசுங்கியிருக்கா? சுத்துவட்டாரத்துல இந்த மாதிரி கிரவுண்டு கிடையாது. எப்படி வந்துச்சு? ஒழுக்கம். நான் பொறுப்பெடுத்த நாள்லேருந்து ஒருத்தனையும் உள்ள விட்டதில்ல. மழை பேஞ்சா தண்ணி நிக்காது; பசங்க வந்தா பசங்களும் நிக்க மாட்டாங்க. போன வருஷம் சிறந்த மைதானத்துக்கான கோப்பை நமக்குத்தான். ஓட்டப்பந்தயத்துல கலந்துக்கிட்ட காலேஜுக்கெல்லாம் அது கிடைக்கல."

பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளையாட்டுக்கு உதவும் பொருள் எதுவும் விளையாட்டு உபகரணம். உபகரணம் துறையின் பொறுப்பில்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில், சிறந்த மைதானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எடுப்பாகத்தான் இருந்தது. வருகிற விருந்தினர்கள் எந்தப் போட்டியில் கிடைத்தது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மின்னலுக்குக் காலையில் மைதானத்தைச் சுற்றி, வெளிப்பக்கமாக, ஓடும்படி உத்தரவாயிற்று. "விரலுக்கு ரத்தம் எங்கேருந்து வருது? காலு ஓடினாத்தான் கை ஓடும்."

ஓடி முடித்துத் திரும்பும்போதெல்லாம் அவன் அலமாரி முன்னால் நின்று கண்ணாடியில் கை வைத்துவிட்டு வருவான். நலம் விசாரிக்கிற மாதிரி.

ஊடகத் துறைத் தலைவர் மென்மையானவர். யாரையும் கடிந்து பேசமாட்டார். நத்தையை உட்காரவைத்து, "வெட்டுங்கறது ஒரு தத்துவம், தம்பி" என்று தொடங்கினார்.

நத்தைக்குத் திடீரென்று ஒரு வழி தோன்றியது. "சார், நம்ம துறையிலயே ஒரு எடிட்டிங் மெஷின் இருக்குன்னு சொல்றாங்களே. அதுல கொஞ்ச நாள் உக்காந்தேன்னா எனக்குக் கம்ப்யூட்டரே தேவையில்ல சார்."

தலைவர் அவனை அழைத்துப் போய்க் காட்டினார். குளிரூட்டிய அறை. நடுவில் சிவப்பு வெல்வெட் உறை போட்டு ஒன்று நின்றது. மாணவர்கள் பருவத்துக்கு ஒருமுறை வரிசையில் வந்து அந்த உறையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். செய்முறைத் தேர்வு கரும்பலகையில் நடக்கும்.

"உறையை எடுத்ததே இல்லியா சார்?"

"ஏன் இல்ல? ஆய்வுக் குழு வந்தப்ப எடுத்தோம். அசந்து போயிட்டாங்க. எந்தக் காலேஜ்லயும் இவ்வளவு புதுசா ஒரு மெஷினைப் பாத்ததில்லன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. நீ தொட்டேன்னா அந்தப் பேரு போயிடுமே, தம்பி." கதவை மெல்லச் சாத்தினார். "சரி, நீ கொண்டுவந்திருக்கற டிஸ்க்ல என்ன இருக்கு?"

"எங்கம்மா சார். ஆஸ்பத்திரி சலவையில வேலை செய்யறாங்க. அதைத்தான் எடுத்திருக்கேன்."

"அழுக்குத் துணி தெரியுமா?"

"முதல்ல அழுக்கா வரும் சார். ரத்தக்கறை, மருந்துக்கறை எல்லாம். அப்புறம் வெள்ளையாகும்."

"அந்த அழுக்கை மட்டும் எடுத்துட்டா?"

"அப்புறம் எதைத் துவைக்கறாங்கன்னு தெரியாதே சார்."

"வெள்ளைத் துணியை ஏன் துவைக்கறாங்கன்னு பாக்கறவன் யோசிக்கட்டுமே. அந்த இடத்துலதான் கலை பொறக்குது." அவர் நீட்டிய கையில் நத்தை ஹார்ட் டிஸ்கை வைத்தான். "வெட்டறதுக்கு முன்னாடி நாங்க முழுசாப் பாக்கணும். பாத்து ஒப்புதல் தர்றோம்."

"எப்ப சார் பாப்பீங்க?"

"பாக்க ஒரு மெஷின் வேணுமே. உன் கம்ப்யூட்டருக்கு அனுமதி வந்ததும் அதுல போட்டுப் பாத்துடலாம். பாத்துட்டு அனுமதி கொடுத்துடறோம்."

டிஸ்க் பீரோவுக்குள் போயிற்று. சாவி தலைவரின் பைக்குள் போயிற்று. நத்தை மாடிப்படியில் பாதி இறங்கியபிறகுதான் அவர் சொன்னது அவனுக்கு முழுதாகப் புரிந்தது. திரும்ப ஏறினான். கதவு பூட்டியிருந்தது.

அதன் பிறகு நாள்கள் வேகமாகப் போயின. கல்லூரியில் வேகமாகப் போனது அது ஒன்றுதான். நத்தை வாங்கிய ப்ராசசரும் மெமரியும் சரிபார்ப்புக்காக வார்டன் மேசையில், டம்ளருக்கு அடியில் ஈரம் படாமல் இருக்க உதவிக்கொண்டிருந்தன. பருவத்தின் கடைசி வாரத்தில் எடிட்டர் மேடமே கூப்பிட்டார்.

"படம் எங்க தம்பி?"

"பீரோவுல இருக்கு மேடம்."

"எந்த பீரோ?"

நத்தை சொன்னான். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க பாரு. கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளு. டிஸ்கை மட்டும் எடுத்துட்டு என் ரூமுக்கு வந்துடு. என் மெஷின்லயே உக்காந்து வெட்டு. நான் பக்கத்துல இருக்கேன். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள நான் ஆளை முடிவு பண்ணியாகணும்."

நத்தை ஓடினான். வாழ்க்கையில் முதல்முறையாக, அவன் பெயர் அவனுக்குப் பொருந்தவில்லை.

"சார், கம்ப்யூட்டர் வேண்டாம் சார். ஒன்னுமே வேண்டாம். டிஸ்கை மட்டும் கொடுத்துடுங்க."

ஊடகத் துறைத் தலைவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "கேட்டதை வேண்டாம்னு சொல்லணும்னா அதுக்கும் குழு கூடணும், தம்பி. குழு கூடினா அனுமதிதான் கொடுக்கும். மறுக்கற வழக்கம் நம்ம காலேஜ்ல இல்லவே இல்லியே."

"நான்தானே சார் கேட்டேன்? நானே வேண்டாங்கறேன்."

"நீ கேட்டப்ப அது உன்னோடது. இப்ப அது நடைமுறை."

அறையில் மின்னல் இரண்டே வார்த்தையில் தீர்வு சொன்னான். "பீரோவை உடைச்சிடலாம்டா."

"பிடிச்சா காலேஜை விட்டே தூக்கிடுவாங்க. அம்மாகிட்ட யாருடா சொல்றது?"

"நான் சொல்றேன்."

"உன்னையும்தான் தூக்குவாங்க."

மின்னல் கூரையில் தொங்கிய விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டான். உடைப்பதற்கு அதைவிட வாகான பொருள் அங்கே இல்லை. அதையும் அவன் உடைக்கவில்லை.

மறுநாள் கல்லூரி முதல்வர் நத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போனவனைக் கட்டிப்பிடிக்காத குறைதான். "வாழ்த்துகள் தம்பி! ஒருமனதா அனுமதி. நம்ம காலேஜ்ல ஒரு மாணவர் தானே கட்டின முதல் கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை காலையில திறப்பு விழா. பெற்றோர் வரணும், போட்டோவுல பெற்றோர் இருந்தாத்தான் ஆண்டறிக்கையில எடுபடும்."

"என் டிஸ்க் சார்?"

"மேடையில என் கையாலயே கொடுக்கறேன். போதுமா?"

போதும். வெள்ளிக்கிழமை காலை டிஸ்கை வாங்கினால் மதியத்துக்குள் எடிட்டர் மேடத்தின் அறை. ராத்திரி வரை நேரம் இருக்கிறது. படம் முழுக்க அவன் தலைக்குள் ஏற்கெனவே வெட்டி ஒட்டித் தயாராகத்தான் இருந்தது. எந்தக் காட்சிக்குப் பின்னால் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அன்னிக்கு எனக்குப் படம் காட்டுவியா?"

"காட்டறேன்மா."

அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஊரார் துணியை வெளுத்தே பழகியவள் அன்று தன் உடுப்பில் ஒரு மடிப்புக் கலையாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் சிவப்பு வெல்வெட் உறை போட்டு ஒன்று இருந்தது. எடிட்டிங் மெஷினின் உறையைத்தான் ஒரு நாளைக்கு இரவல் தந்திருந்தார்கள். முதல்வர் ரிப்பனை வெட்டி, உறையை நீக்கினார். கணினியின் பெட்டி. பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பதில் அட்டை. உள்ளே ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் ஒட்டும் வண்ண விளக்குச் சரம் மட்டும் முதல்வருக்குப் பிடித்துப்போனதால் நேராகச் சுவரில் செருகப்பட்டு, பெட்டி நீலமாகவும் பச்சையாகவும் மாறி மாறி எரிந்தது.

கை தட்டினார்கள்.

முதல்வர் பேசினார். "சில காலேஜ்ல மாணவன் ஒன்னு கேட்டா முடியாதுன்னுடறாங்க. நாம அப்படிச் சொன்னதே இல்ல. சூடாகற பாகம் இருந்துச்சு, எடுத்தோம். சுத்தற பாகம் இருந்துச்சு, எடுத்தோம். விளையாட வெக்கற பாகம், வெட்ட வெக்கற பாகம், எல்லாத்தையும் பக்குவமா எடுத்தோம். மாணவர் மனசு மட்டும் நோகல. இப்ப பாருங்க! இதுல மின்சாரம் வீணாகாது. பரீட்சைக்கு இடைஞ்சல் வராது. பழுது பாக்கற செலவே கிடையாது. இப்படி ஒரு கம்ப்யூட்டரை உலகத்துல எந்தப் பெரிய கம்பெனியாவது செஞ்சிருக்கா? நம்ம பையன் செஞ்சிருக்கான்!"

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். உடற்கல்வி இயக்குநர் விசில் ஊதினார்.

"இந்தச் சாதனையோட ஞாபகமா, மாணவருக்கு அவரோட பொருளையே நினைவுப் பரிசா வழங்கறோம்."

நத்தை மேடைக்கு ஏறினான். கையை நீட்டியபடியே ஏறினான். முதல்வர் கொடுத்தது வார்னிஷ் பூசிய ஒரு மரக்கேடயம். மேலே கல்லூரியின் சின்னம். கீழே பித்தளைத் தகட்டில் நத்தையின் பெயர். இரண்டுக்கும் நடுவில் அவனுடைய ஹார்ட் டிஸ்க். அது கீழே விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் தச்சர் அதன் மையத்தில் துளை போட்டு, நீளமான ஒரு திருகாணியை மரம் வரைக்கும் இறக்கி முடுக்கியிருந்தார். ஆணியின் தலைக்கும் பளபளப்பாக வார்னிஷ் பூசியிருந்தது.

புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். ஆண்டறிக்கையில் அந்தப் படம் இருக்கிறது. முதல்வர் சிரிக்கிறார். அம்மா சிரிக்கிறாள். நத்தை ஆணியைப் பார்க்கிறான்.

கீழே இறங்கியதும் மின்னல் கேடயத்தை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே என்னவோ உடைந்த சில்லு மாதிரி கலகலத்தது. அதைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு போய், கோப்பை அலமாரி முன்னால் நின்றுகொண்டான்.

பேருந்து நிறுத்தத்தில் நத்தை எடிட்டர் மேடத்தைக் கூப்பிட்டான். ஆணி விஷயத்தைச் சொன்னான். அவர் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். "வேற காப்பி?" இல்லை. "அய்யோ தம்பி" என்றார். பிறகு, "ஆள் இல்லாம என்னால ஓட்ட முடியாதுப்பா. வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார். நத்தை சரிங்க மேடம் என்றான்.

பேருந்தில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "மரம் நல்ல மரம்டா. வீட்டுச் சுவத்துல மாட்டலாம். மாமா குழாயைக் கொஞ்சம் நகத்தச் சொல்லணும்." சற்றுப் போனபின் கேட்டாள். "படம் காட்டறேன்னியே?"

"அது இதுலதாம்மா இருந்துச்சு."

அம்மா ஆணியின் தலையை விரலால் தடவினாள். கறை போகுமா போகாதா என்று துணியைத் தடவிப் பார்ப்பது மாதிரி. "முழுசுமா?"

"ம்."

"சத்தக்காரி டாக்டர் மாதிரி நடிச்சாளே, அதுவுமா?"

சத்தக்காரி என்பது அவளோடு வேலை செய்யும் பெண். "அதுவும்தான்."

"அவ தினம் கேக்கறாடா என்னை." அம்மா வெளியே பார்த்தாள். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம், நீளமான ஒரு மதில் போயின. "சரி, சொல்லு. எப்படி ஆரம்பிக்குது?"

"என்னது?"

"படம்டா. நீதானே எடுத்த? உனக்குத் தெரியாதா?"

நத்தை முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "கதவுலேருந்து ஆரம்பிக்குது. அந்தப் பெரிய இரும்புக் கதவு. கதவு மட்டும். உள்ள மெஷின் சத்தம் மட்டும் கேக்கும்."

"ஆளே இல்லாமயா? வெறும் கதவையே எவ்வளவு நேரம் பாப்பாங்க?"

"சரி. கொஞ்சம் குறைச்சுக்கறேன். அடுத்து நீ. மூட்டையை அவிழ்க்கற. கிட்டத்துல உன் முகம்."

"தலை கலைஞ்சிருக்குமே."

"அதாம்மா நல்லா இருக்கும்."

"அதை எடுத்துடு."

"அம்மா..."

"எடுத்துடுன்னா எடுத்துடு. அடுத்து?"

நத்தை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் கைகளை மட்டும் வைத்தான். அம்மா ஒப்புக்கொண்டாள். ரத்தக்கறை இருக்கட்டும் என்றாள், அது இல்லாவிட்டால் தாங்கள் என்ன சும்மா நீச்சலா அடிக்கிறோம் என்றாள். சத்தக்காரியின் டாக்டர் நடிப்பை நடுவிலிருந்து முன்னால் கொண்டுவரச் சொன்னாள். அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர் தலையை லேசாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"கடைசியில?"

"வெள்ளைத் துணியெல்லாம் அடுக்கி முடிச்சுட்டு நீ விளக்கை அணைக்கற. இருட்டு. அவ்வளவுதான்."

"நான் வீட்டுக்குக் கிளம்பறது?"

"அதை எடுக்கலம்மா."

"ஏன்டா? அதுதானே நல்ல இடம். அந்த ஆவியிலேருந்து வெளிய வந்தா அப்படியே காத்து அடிக்கும்."

"உன் ஷிப்டு முடியறப்ப விடுதிக் கேட்டைச் சாத்த ஆரம்பிச்சுடுவாங்க. உள்ள போயாகணும். நீ விளக்கை அணைச்சதுமே நான் பின்வாசல் வழியா பஸ்ஸுக்கு ஓடிடுவேன்."

அம்மா கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்தான்."

"நான் இருக்கறதையே மறந்துடு, கேமராவைத் திரும்பிப் பாக்காதேன்னு நீதானேடா சொன்ன?" என்றாள் அம்மா. "நீ பின்னாடி எடுத்துக்கிட்டு வர்றேன்னு நினைச்சு, வீடு வரைக்கும் திரும்பிப் பாக்காமலே நடந்து போயிருக்கேன்."